மூடிமேல் கரண்டி

எங்கள் வீட்டில் ஒரு குழம்புக்கு இரண்டு பேர். ஒருவர் ஆரம்பிப்பார், இன்னொருவர் முடிப்பார். நடுவில் ஒரு கம்பெனி பஸ் வந்து நிற்கும்.

பென்னலூரில், ஹவுஸ் ஓனர் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையலறை, வெளியே ஒரு குழாய். அவ்வளவுதான் எங்கள் குடித்தனம். எனக்கு வேலை ஒரகடத்தில். காருக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைக் கடைசியாகத் தொட்டுப் பார்த்து அனுப்புகிற மேஜை என்னுடையது. என் கணவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் வேறு ஒரு கம்பெனி. அவருக்கு ஷிஃப்ட் வாரம் ஒருமுறை மாறும், எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அதனால் ஒரு வாரம் இருவரும் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் வருவோம். மறுவாரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் தன் பஸ்ஸுக்காக அதே ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பார்.

இந்த இரண்டு கைக் குழம்பு அந்த மறுவாரத்துக்குத்தான். முழுக்கச் செய்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் நானும் கேட்டேன். இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்கி எழுந்து, துணி துவைத்து, குளித்து, அடுப்படிக்கு வரும்போதே பாதிப் பகல் போயிருக்கும். வெங்காயம் உரித்து வதக்கி, தேங்காய் வறுத்து அரைத்து ஊற்றி, கத்தரிக்காயைப் போடுவதற்குள் பஸ் வரும் நேரம் ஆகிவிடும். பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். நான் வந்து பற்றவைப்பேன். என் முறை வந்தால் நானும் அப்படித்தான் ஓடுவேன்.

அதனால் ஸ்டாப்பில் எங்களுக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரமும் குழம்புப் பேச்சிலேயே போகும். மற்ற ஜோடிகள் என்ன பேசிக்கொள்வார்களோ தெரியாது. என் கணவர் திருநெல்வேலிப் பக்கம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒப்பிப்பார்.

"ஏட்டி, தேங்கா அரைச்சு ஊத்திட்டேன். பச்ச வாசன இன்னும் போவல. புளி கரைச்சுக் கிண்ணத்துல இருக்கு. கத்தரிக்கா அரவேக்காடு, பாத்துக்கோ."

"உப்பு?"

"அது ஒன் வேலைல்லா."

உப்பு முடிக்கிறவர் வேலை. இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. ஆரம்பத்தில் ஒருநாள் அவரும் போட்டிருக்கிறார், நானும் போட்டேன். கடல் தண்ணீர் தோற்றது. உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டேன், வெந்நீர் ஊற்றினேன், அரிசி மாவை உருட்டிப் போட்டேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் ஓனர் அக்கா வீட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டேன். அன்றிலிருந்து ஆரம்பிக்கிறவர் உப்புக் கல்லைத் தொடக்கூடாது.

இன்னொரு சட்டம் அவர் கம்பெனியிலிருந்து வந்தது. அங்கே பாதியில் நிற்கும் பொருளின்மேல் ஒரு சிவப்பு அட்டை தொங்குமாம். முடிந்த பொருள், முடியாத பொருள் என்று அடுத்த ஷிஃப்ட்காரர் குழம்பக்கூடாது என்பதற்காக. எங்கள் வீட்டில் அட்டைக்கு எங்கே போவது? சட்டி மூடியின்மேல் கரண்டியைக் குறுக்காக வைத்தால் வேலை பாக்கி. கரண்டி இல்லையென்றால் முடிந்தது, சாப்பிடலாம்.

எல்லாச் சட்டத்திலும் ஒத்துப்போன நாங்கள் ஒரே ஒரு விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அது வடகம். நான் இந்தப் பக்கத்துக்காரி. காரக்குழம்பு கொதித்து, உப்புப் பார்த்து இறக்கிய பிறகு, வெயிலில் காய்ந்த வெங்காய வடகத்தை எண்ணெயில் பொரித்துக் கொட்டினால்தான் எனக்கு அது குழம்பு. அவருக்கு அந்த வாசனையே ஆகாது.

"என்னட்டி இது, ஷூ கழட்டி வைக்கிற ரூம் மாதிரி நாறுது."

"யோவ், உனக்கு மூக்கு கீதா இல்லியா? இந்த வாசனைக்கே ரெண்டு தட்டு சோறு எறங்கும்."

"எறங்கும், எறங்கும். மூக்கப் பொத்திக்கிட்டா எறங்கும்."

அவர் பங்கைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு என் பங்கில் மட்டும் வடகம் கொட்டிக்கொள்வேன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தாயிற்று, மனுஷன் ஒரு வாய் தொட்டுப் பார்த்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, லைன் லீடராக வருகிறாயா என்று கேட்டார்.

எனக்கு வேண்டும். ஒளித்துப் பேச ஒன்றுமில்லை, ரொம்பவே வேண்டும். எத்தனையோ நாள் அந்த லைன் நடுவில் நின்று, இதை இப்படிச் செய்யாமல் அப்படிச் செய்தால் என்ன என்று மனதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டவள் நான். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று குடைவது என் பிறவிக் குணம். ஆனால் லைன் லீடர் ஆனால் எனக்கும் ஷிஃப்ட் வாரம் ஒருமுறை மாறும். அது மாறுகிற முறையைப் பார்த்தால், அவர் காலையில் என்றால் நான் மாலையில், நான் காலையில் என்றால் அவர் மாலையில். சேர்ந்து வீட்டிலிருக்கிற வாரம் என்று ஒன்று இனிமேல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஸ்டாப்பும்தான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"ஒன் இஷ்டம்" என்றார்.

இந்த இரண்டு வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். போ என்றால் போவேன். வேண்டாம் என்றால் சண்டை போட்டுவிட்டுப் போவேன், இல்லை போகாமல் இருப்பேன். இஷ்டம் என்றால் என்ன அர்த்தம்? சந்தோஷமா, வருத்தமா, அக்கறையில்லையா?

"இஷ்டம்னா இன்னா அர்த்தம்? வாயத் தொறந்து சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல? வேல ஒன் வேல."

"அப்போ வூடு? வூடு யார்து?"

மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார். நானும் பேச்சை நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். மறுநாளிலிருந்து எதிரெதிர் ஷிஃப்ட் வாரம். நான் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தால் ஸ்டாப்பில் ஆளைக் காணோம். பெட்ரோல் பங்க் பக்கத்து முந்தின ஸ்டாப்புக்கு நடந்துபோய் ஏறுகிறார் என்று பிறகு தெரிந்தது. அவ்வளவு வீம்பு.

பேச்சுதான் நின்றது, பசி நிற்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் சட்டி அடுப்பில் இருக்கும், மூடிமேல் கரண்டி குறுக்காக இருக்கும். என்ன போட்டிருக்கிறார், என்ன போடவில்லை என்று சொல்லத்தான் ஆள் இல்லை. போன் பண்ணலாமென்றால் அவர் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பண்ணியிருக்கவும் மாட்டேன் என்பது வேறு விஷயம்.

அதனால் குழம்பைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை கோபத்துக்கு நடுவிலும் அது எனக்குப் பிடித்துப்போனது. தேங்காய் பச்சையாக இருந்தால் கொதிக்கும்போது ஓரத்தில் வெள்ளை நுரை கட்டி நிற்கும், கரண்டியால் ஒதுக்கினாலும் திரும்ப வரும். வெந்துவிட்டால் நுரை அடங்கி, குமிழி பெரிதாக எழுந்து 'பொளக் பொளக்' என்று உடையும், எண்ணெய் ஓரத்துக்கு ஒதுங்கும். புளி ஊற்றியாயிற்றா என்பதைக் கத்தரிக்காயே சொல்லும். வேகுமுன் புளி பட்டால் காய் விறைத்துக்கொண்டு கிடக்கும். முன்பெல்லாம் அவர் ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டு கரண்டியைப் போட்டுக் கிண்டியவள்தானே, இதையெல்லாம் எப்போது பார்த்தேன்?

வெங்காயம்தான் வேடிக்கை. கோபமான ஆள் நறுக்குகிற வெங்காயம் பெரிது பெரிதாகக் கிடந்தது. முதல் நாள் நாலாக வெட்டி அப்படியே போட்டிருந்தார். அதைக் கடித்துக்கொண்டே, கோபம் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் இறங்கவில்லை.

வாரக் கடைசியில் சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தார்.

"நாளைக்குப் பதில் சொல்லிடும்மா. இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். சரி என்று சொன்னால், இந்த ஊமை வாரம் மாதிரியே எல்லா வாரமும் ஆகிவிடுமா? வேண்டாம் என்று சொன்னால், அந்த 'ஒன் இஷ்டம்' என்ற பேச்சை வாழ்நாள் முழுக்க மன்னிக்க என்னால் முடியுமா? இரண்டும் எனக்குப் பயமாக இருந்தது. இறங்கினேன், ஸ்டாப்பில் அவர் இல்லை.

வீட்டுச் சந்தில் திரும்பும்போதே மூக்கில் ஏறியது. வடகம். பொரித்த வடகம். ஓனர் அக்கா வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் வாசனை என் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. துணி அலசிக்கொண்டிருந்த அக்கா குழாயடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, வந்துட்டியா? உன் வூட்டுக்காரரு காத்தால என்னான்ட வந்து, வடகம் எப்டி தாளிக்கிறதுன்னு கேட்டுகினு போனாரு. எனக்கு ஒரே அதிசயமாப் பூட்ச்சி."

"எதுக்காம்?"

"நானும் அதத்தான் கேட்டேன். இனிமே நானாத்தான செஞ்சுக்கணும்னாரு. இன்னாமா, எங்கனா போறியா நீ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனேன். நானாத்தான செஞ்சுக்கணுமாம்! சட்டியைத் திறந்தேன். குழம்பு முடிந்து கிடந்தது. நிறம் அடர்ந்து, எண்ணெய் ஓரத்தில் மிதந்து, மேலே என் வடகம் கறுகாமல் பொன்னிறமாகப் பொரிந்து கிடந்தது. நான் செய்வதைவிட நன்றாகவே இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். உன்னைவிட்டால் நாதியில்லை என்று நினைத்தாயா, பார், நீ இல்லாமலே இந்த அடுப்பு எரியும் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி இருந்தது.

"போய்யா. நீயும் உன் கொழம்பும்" என்று சட்டியிடம் சொல்லி மூடினேன். இந்தக் குழம்பை நாக்கில் வைப்பதில்லை, மோர் ஊற்றிச் சாப்பிட்டாலும் சாப்பிடுவேனே தவிர இதைத் தொடமாட்டேன் என்று வைராக்கியம்.

அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. விட்டால் அப்புறம் வராது. குடத்தை வைத்துவிட்டு வந்து பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன். குடம் நிரம்பியது, எழுந்தேன். அடுத்த குடம் வைத்தேன், திரும்பினேன், உலை பொங்கியது, ஓடினேன். மூடியைச் சரித்து வைத்தபோதுதான் பக்கத்து அடுப்பின் கீழே தரையில் கரண்டி கிடந்ததைப் பார்த்தேன்.

கோபத்தில் மூடியைத் திறந்தபோது நான்தான் தட்டிவிட்டிருக்கிறேன். 'ணங்' என்று ஒரு சத்தம் கேட்டது இப்போது ஞாபகம் வந்தது. அப்படியானால் அது மூடிமேல் இருந்திருக்கிறது. குறுக்காக. வேலை பாக்கி.

என்ன பாக்கி? வடகம் கொட்டியாயிற்று. அதற்குமேல் குழம்பில் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. பழக்கதோஷத்தில் வைத்துவிட்டாரா? அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. பல் விளக்கிய பிரஷ்ஷைக்கூட ஒரே பக்கம் பார்த்து வைக்கிற மனுஷன்.

பீன்ஸை விட்டுவிட்டு எழுந்தேன். தொட்டுச் சாப்பிடமாட்டேன் என்றுதானே வைராக்கியம், பார்க்கக்கூடாது என்று இல்லையே? மூடியைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தேன். குமிழி 'பொளக்' என்று உடைந்தது, நுரை இல்லை, தேங்காய் வெந்திருக்கிறது. வெளியே குடம் வழிகிற சத்தம். ஓடிப்போய் மாற்றி வைத்தேன். திரும்பி வந்து கத்தரிக்காயைக் கரண்டி முனையால் அமுக்கினேன், வெண்ணெயாக நசுங்கியது. புளிக் கிண்ணம் காலி, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சோற்றை வடித்தேன். கஞ்சி ஆவி முகத்தில் அடிக்க அடிக்க மறுபடியும் சட்டியைப் பார்த்தேன். மிளகாய்த்தூள் நிறம் சரி. எண்ணெய் சரி. வெங்காயம்...

வெங்காயத்தை அப்போதுதான் பார்த்தேன். அத்தனையும் சின்ன வெங்காயம். முழுசு முழுசாக, ஒன்றுகூட உடையாமல், ஒவ்வொன்றாக உட்கார்ந்து உரித்திருக்கிறார். கோபத்தில் இருப்பவன் செய்கிற வேலை இல்லை அது. ஆனால் என்ன பாக்கி என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ வயர்க் கட்டைப் பார்த்து இதில் இது இல்லை என்று தள்ளுகிறவள், ஒரு சட்டிக் குழம்பு முன்னால் முழித்துக்கொண்டு நின்றேன்.

வைராக்கியமாவது ஒன்றாவது. கரண்டி நுனியில் தொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினேன்.

உப்பு இல்லை. ஒரு கல்கூட இல்லை.

மறந்திருப்பார் என்று ஒரு நொடி நினைத்தேன். மறக்கவில்லை. உப்புப் போட்டு, ருசி பார்த்து, அதற்கப்புறம்தான் வடகம் கொட்டுவேன் என்பது அவருக்குத் தெரியும். அத்தனை நாள் எதிரில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தவர் அவர். தனக்கு ஆகாத வடகத்தை அக்காவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, மொத்தக் குழம்பையும் என் ருசிக்கு வைத்துவிட்டு, உப்பை மட்டும் விட்டுக் கரண்டியைக் குறுக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். போ, நான் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் நீ வந்து முடி. அந்த வாய் சொல்லாததை இதைவிட எப்படிச் சொல்வது?

அழுகை வந்துவிட்டது. நான் நறுக்கியது பீன்ஸ்தான், பழி போட ஒரு வெங்காயம்கூட இல்லை. குழாயடியிலிருந்து அக்கா, "இன்னாமா, தண்ணி ரொம்பி வழியுது!" என்று கத்தினார். வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல் உப்பை எடுத்துப் போட்டு, ஒரு கொதி விட்டு, ருசி பார்த்தேன். இன்னும் கொஞ்சம் போட்டேன். பிறகு தரையிலேயே உட்கார்ந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன். மறுசோறும் போட்டுக்கொண்டேன். பீன்ஸ் அப்படியே நறுக்கின கோலத்தில் கிடந்தது. அவர் பங்கை எடுத்து மூடிவைத்தேன். மூடிமேல் கரண்டி வைக்கவில்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய்ச் சரி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு யாரையோ திட்டப் போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது.

பஸ் எங்கள் ஸ்டாப்பை நெருங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நின்றுகொண்டிருந்தார். பெட்ரோல் பங்க் ஸ்டாப்பில் இல்லை, எங்கள் ஸ்டாப்பில், வழக்கமான இடத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. இறங்கினேன். அவர் பஸ்ஸும் பின்னாலேயே வந்து நின்றது. பாழாய்ப்போன பஸ், அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரமாக வந்துவிட்டது.

"சரின்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது.

"தெரியும்" என்றார். "நேத்து உப்பு சரியா இருந்துச்சு."

"வடகம்?"

"நாத்தந்தான். ஆனா எறங்குச்சு."

அவர் பஸ் ஹாரன் அடித்தது. எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. உனக்கு வருத்தமா இல்லையா, ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, இனி வாரத்துக்கு ஒரு நாள்தான் என்றால் உனக்குப் பரவாயில்லையா? அதற்குள் அவர் ஏறிவிட்டார். உள்ளே ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, தலையை வெளியே நீட்டினார். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.

"ஏட்டி! தேங்கா அரைச்சு ஊத்திட்டேன். புளி நீதான் கரைக்கணும். முருங்கக்கா வெந்துருச்சு." பஸ் வேகமெடுத்தது. அவர் குரலும் கூடவே உயர்ந்தது. "உப்புப் போடல பாத்துக்கோ!"

பஸ் முழுக்கச் சிரித்தது. டீக்கடையில் நின்றிருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. எங்கள் வீட்டுக் குழம்பில் இன்னும் உப்புப் போடவில்லை. நான் போய்த்தான் போடவேண்டும்.